எயாங் சிங்கோவின் சைக்கிள் விளக்கு

மதிப்பிற்குரிய பாக் மர்தோயோ அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் தங்கள் துணைவியாரும் வெனிங்கும் கூண்டிலிருக்கும் பெர்குதுத் புறாவும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். இங்கே நானும் என் அம்மாவும் நலம். அதாவது, அம்மா நலம். நான் உயிரோடு இருக்கிறேன்.

தங்கள் மகள் வெனிங்கைப் பெண் கேட்டு இந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்த வரலாற்று ஆசிரியன் எழுதுவது. இன்னும் வரலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

இதைப் போனில் செய்தியாக அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. செய்திகள் எங்கெல்லாம் போய்த் தோன்றும் என்பதை அண்மையில் கற்றுக்கொண்டேன். எனவே மடிக்கணினியில் தட்டி, அலுவலக அறையில் அச்செடுத்து, உறையிலிட்டு, நானே தங்கள் வீட்டுக் கம்பிக் கதவில் செருகிவிட்டுப் போவதாக உத்தேசம். எழுதியவனையும் தங்களையும் தவிர இதை வேறு யாரும் படிக்கப்போவதில்லை. அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்.

பதினோராம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு இணையத் தேடல் வேலை. அவரவர் போன், அவரவர் தலைப்பு. இவ்வளவு அமைதியான வகுப்பை நான் நடத்தியதில்லை. யாரும் குனிந்து போனை நோண்டவில்லை. எல்லோரும் தலைநிமிர்ந்து யோசிக்கிறார்கள். நல்ல நேரம். தொடங்குகிறேன்.

முதலில் அந்தப் பலகையைப் பற்றி. தங்கள் கண்முன் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான் என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு நிறுத்திவிட்டேன்.

தொட்டால் வேலை செய்யும் பெரிய திரைப்பலகை அது. வந்த வாரமே எங்கள் வேதியியல் ஆசிரியர் பாக் சுகெங், சாதாரண வெள்ளைப் பலகை என்று நினைத்து, அழியாத மைப்பேனாவால் அதில் பாடம் நடத்திவிட்டார். பாடத்தைப் பெயின்ட் தின்னர் போட்டுத் துடைத்தார்கள். ஓர் அறுகோண வளையம் மட்டும் போகவில்லை. அதனால் எந்த விடுதலை வீரரின் படத்தைப் போட்டாலும் அவருடைய இடது காதருகே அந்த வளையம் தொங்கும். கம்மல் மாதிரி. பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. வளையம் இல்லாத படத்தைப் பாடநூலில் பார்த்தால் "இவர் யார் பாக்?" என்கிறார்கள்.

அந்தப் பலகை என்றால் எனக்கு உயிர். செமாராங்கில் பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஆவணக் காப்பகத்தில் தூசியில் தும்மியபடி ஒரு பழைய செய்தித்தாளுக்காகக் காத்திருந்தவன் நான். இப்போது அதே செய்தித்தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. டச்சுக்காரன் அச்சடித்ததை இயந்திரம் நம் மொழியில் தருகிறது. மலையோர ஊரில், கூரைக்கு மேலே மழை கொட்டிக்கொண்டிருக்க, புகையிலைத் தோட்டக்காரர் மகள் நூறு வருடத்துக்கு முந்தைய நாலாம் பக்கத்தைப் படிக்கிறாள். இது எனக்கு மயிர்க்கூச்செறியும் விஷயம். சொன்னால் சக ஆசிரியர்கள் "ரொம்ப நல்லதுங்க" என்பார்கள். அப்படியென்றால் அவர்கள் கேட்கவில்லை என்று அர்த்தம்.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பழக்கத்தைத்தான் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தேன். கிடைத்ததை நம்பாதே. யார் சொன்னது, எப்போது சொன்னது, சொல்வதில் அவருக்கு என்ன லாபம் என்று பார். வேறு இடங்களிலும் சரிபார். சரிபார்த்தபின் யாருக்குப் பிடிக்காவிட்டாலும் சொல்.

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரலைச் சற்று உயர்த்துவேன். எனக்கே பிடிக்கும்.

இனி எயாங் சிங்கோதிமெஜோ. தங்கள் கொள்ளுத்தாத்தா. நம் ஊரில் அவர் பெயரில் ஒரு தெரு, ஒரு கால்பந்து மைதானம், ஒரு வாத்துப் பொரியல் கடை. டச்சு ஆட்சியை எதிர்த்து மூன்று மாதம் சிறையில் கிடந்தவர் என்று தெருமுனைக் கல்லில் இருக்கிறது. எங்கள் பள்ளியின் புதிய அரங்கத்துக்கு அவர் பெயர் வேண்டும் என்று மனு கொடுத்த குழுவுக்குத் தாங்கள் தலைவர். நான் தங்கள் மருமகனாகும் ஆசையில் இருப்பவன். வீரர் தினத்தன்று விருந்தினர் முன்னால் ஒரு மாதிரிப் பாடம் நடத்தும்படி தலைமையாசிரியை த்வியந்தி அம்மா சொன்னதும் எனக்கு என்ன தோன்றியிருக்கும்? "இணையத்தில் நம் ஊர் வீரர்." எயாங்கின் சிறைவாசத்துக்கு அச்சில் ஆதாரம் கண்டுபிடிப்போம். முன்வரிசையில் தாங்கள். பலகையில் எயாங். வளையம் சற்றுத் தள்ளி விழும்படி படத்தை நகர்த்திவைப்பேன். தங்கள் கண் கலங்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாம் சுபம்.

ஆதாரம் கிடைத்தது. அதுதான் சிக்கல்.

கண்டுபிடித்தவள் செகார். தங்கள் தம்பி மகள். பாடம் தொடங்கக் கொஞ்ச நேரமே இருந்தது. மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"பாக், எயாங் கிடைச்சுட்டார்!"

"அல்ஹம்துலில்லாஹ். எங்கே?"

"டச்சுப் பேப்பர்ல. நாலாம் பக்கம். மாட்டுச் சந்தை விலைக்குக் கீழ."

"சிறைச் செய்திதானே?"

"சிறைதான் பாக். ஆனா கொஞ்சம் சின்னச் சிறை."

போனை நீட்டினாள். அரசு அலுவலக எழுத்தர் சிங்கோதிமெஜோ, இருட்டியபின் விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியதற்காக மூன்று நாள் காவலில் வைக்கப்பட்டார். விளக்கு எங்கே என்று மறித்துக் கேட்ட காவல் அதிகாரியிடம் வானத்தைக் காட்டி, நிலா போதும் என்று சொன்னாராம்.

"வேற யாராவது சிங்கோதிமெஜோவா இருக்கும்" என்றேன்.

"ஊரு, வேலை, அப்பா பேரு எல்லாம் ஒத்துப்போகுது பாக். மூணு இடத்துல சரிபார்த்தேன்."

"எதுக்கு மூணு இடத்துல சரிபார்த்தே?"

"நீங்கதானே பாக் சொன்னீங்க."

நான்தான்.

"செமையா இருக்குல்ல பாக்? அதிகாரிகிட்டயே நிலா போதும்னிருக்கார்! இன்னிக்கு நான் இதையே பேசறேன். பெரியப்பா அசந்துடுவார்."

"அடுத்த வாரம் பேசலாம்மா."

"வீரர் தினம் இன்னிக்குத்தானே?"

"இதுக்கு மேலும் ஆய்வு தேவைப்படுது" என்றேன். பட்டம் வாங்கிய கோழைகளுக்கென்றே அச்சிட்டு வைத்த வாக்கியம் அது. பட்டமளிப்பு விழாவில் சான்றிதழோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. செகார் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு நம் ஊர்ப் பிள்ளை அல்லவா, "சரிங்க பாக்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் ஓர் அறை வாங்கியிருக்கலாம்.

அதற்குப்பின் நடந்ததைத் தாங்கள் பார்த்தீர்கள். ஆனால் நான் பார்க்கவில்லை. அதனால் என் பக்கத்துக் கதையைச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் பாக், எனக்குப் பின்னால்தான் பலகை இருந்தது, பிள்ளைகள் குழுகுழுவாக வந்து பேசினார்கள், நான் மேசையில் உட்கார்ந்து படங்களை மாற்றிக்கொண்டிருந்தேன், முந்தின நாள் ஒத்திகையில் பலகைக்கு ஒரு திரை, எனக்கு ஒரு திரை என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தேன், காலையில் யாரோ கம்பியைப் பிடுங்கி மின்விசிறிக்கு இடம் கொடுத்துவிட்டு மறுபடி செருகியிருக்கிறார்கள், அந்தச் செருகலில் இரண்டு திரையும் ஒன்றாகிவிட்டன, என் கணினியில் தெரிவதெல்லாம் என் தலைக்கு மேல் ஆளுயரத்துக்குத் தெரிந்திருக்கிறது, என் போன் செய்திகளையும் அதே கணினியில்தான் திறந்து வைத்திருந்தேன், அந்த நேரம் பார்த்து செமாராங்கிலிருந்து என் விடுதி நண்பன் ஹெந்த்ரோ "எயாங் வேலை எப்படிடா போகுது?" என்று கேட்டான், நானும் மேசைக்கடியில் ஒளித்துத் தட்டுகிற நினைப்பில் பதில் போட்டேன்: "மாமனார் முன்வரிசையில. கையில இலை சுத்துன லெம்பர் பலகாரம். பிரிக்கவும் இல்ல, கீழ வைக்கவும் இல்ல. அவர் வீட்டுப் புறாவாவது அப்பப்ப வாயத் திறக்கும்." அவன் "சொல்லப் போறியா?" என்றான். நான், "பைத்தியமா? மூணு மாசம் இல்லடா, மூணு நாள். சைக்கிள்ல விளக்கு இல்ல, அவ்வளவுதான் போராட்டம். இதச் சொன்னா எனக்குக் கல்யாணம் இல்ல. சொல்லாட்டி அரங்கத்துக்குப் பேரு, எனக்குப் பொண்ணு. வரலாறு இன்னொரு நூறு வருஷம் பொறுத்துக்கும்."

ஒரு சலசலப்பு கேட்டது. நிமிர்ந்தேன். தலைமையாசிரியை கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார். பாக் சுகெங் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றோர் வரிசை முழுக்கத் தத்தம் நொறுக்குத்தீனிப் பெட்டிகளை ஆராய்ந்துகொண்டிருந்தது. எயாங்கின் தியாகம் எல்லோரையும் உலுக்கிவிட்டது என்று நினைத்தேன்.

"பின்னாடி இருக்கிறவங்களுக்குத் தெரியுதுங்களா?" என்று கேட்டேன்.

"தெரியுதுங்க பாக்" என்றார்கள்.

"எழுத்து தெளிவா இருக்கா?"

"ரொம்பத் தெளிவா இருக்குங்க."

"இன்னும் பெரிசாக்கட்டுமா?"

ஓர் அம்மா மிகுந்த பணிவோடு, "இதுவே போதுங்க பாக்" என்றார்.

நான் பெரிதாக்கினேன்.

பாக், இதைத்தான் இரவெல்லாம் புரட்டிப் புரட்டி யோசிக்கிறேன். அத்தனை பேரில் ஒரு முரட்டு மனிதர் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். "டேய் வாத்தி, திரும்பிப் பார்றா" என்று ஒரு குரல் போதும். வேறு ஊராக இருந்தால் கத்தியிருப்பார்கள். நம் ஊரில் ஒரு மனிதனை எல்லோர் முன்னாலும் வெட்கப்படுத்தக்கூடாது என்று எல்லோருமாகச் சேர்ந்து, என்னை முழுதாக வெட்கப்பட விட்டுவிட்டார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. அங்கே உட்கார்ந்திருந்தால் நானும் பெட்டியைத்தான் ஆராய்ந்திருப்பேன்.

கடைசியில் தங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெனிங்தான், வழக்கம்போல என்னை "மாஸ்" என்று அழைத்து, செய்தி அனுப்பினாள். "மாஸ், பின்னாடி திரும்பிப் பாருங்க." அதுவும் பலகையில்தான் வந்தது. அறை முழுக்க அதை எனக்கு முன்பே படித்தது. என் போனில் அவள் பெயரை எப்படிப் பதிந்துவைத்திருந்தேன் என்பதும் அதோடு சேர்ந்து ஊருக்குத் தெரிந்தது. அதை இங்கே எழுதமாட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். "எனக்குப் பொண்ணு" என்பதன் மேல் வளையம் தொங்கிக்கொண்டிருந்தது.

முடிந்ததும் தலைமையாசிரியை, "ரொம்பத் திறந்த மனசோட எடுத்த பாடம்" என்று பாராட்டினார். தாங்கள் எழுந்தீர்கள். "நல்லா இருந்துச்சு. நன்றி" என்றீர்கள். லெம்பரை அப்படியே பெட்டியில் வைத்து மூடி எடுத்துக்கொண்டு போனீர்கள்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கத் தங்கள் வீட்டுக்கு வந்தேன். தேநீர் கொடுத்தீர்கள். நான் பேச வாயெடுத்தபோது கையை உயர்த்தி, "இருங்க, புறா கூவுது, கேளுங்க" என்றீர்கள். கேட்டேன். அது நிறுத்தியதும் மறுபடி வாயெடுத்தேன். மறுபடி கூவியது. பயிற்சி பெற்ற புறா என்று நினைக்கிறேன். தேநீரில் சர்க்கரை நிறைய இருந்தது, அது நல்ல சகுனம் என்று வீடு வரை நம்பினேன். தங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதே சர்க்கரைதான் என்று அம்மா சொல்லி அதையும் கெடுத்தாள்.

அதன்பின் தங்கள் தங்கை அம்மாவுக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பினார். "ஞாயிற்றுக்கிழமை விஷயமா அவசரம் ஒண்ணும் இல்லைங்க." அவ்வளவுதான். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் மூன்று நாளாக ஆராய்ச்சி நடக்கிறது. அம்மாவின் கவலை நடைமுறைக் கவலை. பெண் கேட்கப் போகும்போது ஜாதா கொண்டுபோக வேண்டும். பசையரிசியை ஊறவைத்து, அவித்து, இடித்துச் செய்கிற பண்டம். இரு குடும்பமும் அதைப் போல ஒட்டிக்கொள்ள வேண்டுமாம்.

"டேய், அரிசிய ஊறப் போடவா வேண்டாமா?"

"தெரியலைம்மா."

"ஊறப்போட்ட அரிசிய மறுபடி காயவைக்க முடியாதுடா."

"அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு எனக்குத் தெரியலையே."

"வரலாறு படிச்சியே. செத்துப்போனவங்க என்ன நினைச்சாங்கன்னு சொல்லுவியே. உயிரோட இருக்கிறவர் நினைக்கிறதச் சொல்ல வராதா?"

வரவில்லை.

ஆகவே இனி மன்னிப்பு. ஒழுங்காகக் கேட்கிறேன். புறாவைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்பு. லெம்பரைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்பு. "எனக்குப் பொண்ணு" என்று வாத்துக் கடையில் பொட்டலம் கேட்பதுபோல எழுதியதற்கு வெனிங்கிடம் தனியாகக் கேட்டாயிற்று. அவள் இன்னும் ஆய்வு தேவைப்படுவதாகச் சொன்னாள்.

ஆனால் சைக்கிளுக்காக என்னால் மன்னிப்புக் கேட்க முடியவில்லை, பாக். இந்த இடத்தைப் பலமுறை எழுதி அழித்தேன்.

திரையில் வந்ததற்கு வெட்கப்பட்டேன். வந்தே இருக்காவிட்டால் வெட்கப்பட்டிருக்கமாட்டேன். கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஜாதாவோடு வந்திருப்பேன். மூன்று இடத்தில் சரிபார்த்த ஒரு பிள்ளையைச் "சரிங்க பாக்" என்று சொல்லவைத்திருப்பேன். அதற்குமேல் அந்தக் கடைசி வாக்கியத்தை எந்தக் குரலில் சொல்வது?

இன்னொன்று. சிறையில் மாதக்கணக்காகக் கிடந்த வீரர்கள் பாடநூலில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறார்கள். எல்லோரையும் மதிக்கிறேன். தேர்வுக்காகப் பிள்ளைகள் அவர்களை மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வு முடிந்ததும் மறக்கிறார்கள். ஆனால் துப்பாக்கி வைத்திருந்த ஓர் அதிகாரி வழிமறித்துக் கேட்டபோது, சைக்கிளைப் பிடித்தபடி வானத்தைக் காட்டிய ஓர் எழுத்தரை நான் எங்கேயும் படித்ததில்லை. அவர் பயந்திருப்பார். அல்லது சிரித்திருப்பார். அன்று காலையிலிருந்து அந்த மனிதர் என்னை விட்டுப் போகவில்லை. அவர் வம்சத்தில் பெண் எடுக்க வேண்டும் என்று இப்போதுதான் உண்மையாக ஆசைப்படுகிறேன்.

அடுத்த வாரம் செகார் இதை வகுப்பில் பேசுவாள். நான் தடுக்கமாட்டேன். தாங்கள் பெண் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும்... கொடுத்தால் நல்லது.

(பின்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைக்கிறாள். ஏதோ சோகமான போர்க்களத்தைப் படிக்கிறாள் போல. இணையத்தின் வலிமை.)

ஒரே ஒரு வேண்டுகோள். ஆம் அல்லது இல்லை. நேராக ஒரு சொல். நம் ஊர் வழக்கப்படி சுற்றி வராமல், "பார்க்கலாம்" இல்லாமல், "அவசரமில்லை" இல்லாமல். முக்கியமாக, புறாவைக் கேட்கச் சொல்லாமல். அம்மா அரிசிப் பானையின் மூடியைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள்.

தங்கள் முழங்காலில் நெற்றி வைத்து வணங்கி, வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் என் அம்மாவின் சலாமையும் சொல்லி, இந்த மடிக்கணினியை இனி எந்தப் பலகையோடும் இணைப்பதில்லை என்ற உறுதியோடு முடிக்கிறேன். வஸ்ஸலாம்.

தாழ்மையுடன்,
தனாங் தம்தோமோ

பின்குறிப்பு: பாக், மேலே உள்ளதைத் தாங்கள் படிக்கத் தேவையில்லை. படித்துவிட்டீர்கள்.

பெயர் எழுதி முடித்ததும் வகுப்பில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். எல்லோரும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால். அந்தத் திசை எனக்குப் பழக்கமானது. இந்தப் பலகை ஒருமுறை பழகிய கணினியைக் கண்டால் கம்பியில்லாமலே தானாக ஒட்டிக்கொள்ளுமாம். பசையரிசி தோற்றது.

"எப்பத்திலிருந்து?" என்று கேட்டேன்.

"சலாம் சொன்னதுலேருந்து பாக்" என்றாள் செகார்.

"ஏன் யாரும் சொல்லல?"

"நல்லா போய்க்கிட்டு இருந்துச்சுங்க."

"கம்மல் கதை சூப்பர் பாக்" என்றது ஒரு குரல். "அக்கா பேர என்னன்னு பதிஞ்சிருந்தீங்கன்னு மட்டும் எழுதாம விட்டுட்டீங்க" என்றது இன்னொன்று. கண்ணைத் துடைத்த பெண், "ஜாதாவுக்கு அரிசி ராத்திரியே ஊறணும் பாக், லேட் பண்ணாதீங்க" என்றாள்.

பத்தி பத்தியாகப் படமெடுத்துச் செகார் தங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். சைக்கிள் பத்தி வரை என்ன பதில் என்று கேட்டேன். ஒன்றும் வரவில்லையாம். வானத்தைக் காட்டிய பத்தியை அனுப்பிக் கொஞ்ச நேரம் கழித்துத் தங்கள் குரல் வந்ததாம். போனை உயர்த்திப் பிடித்து வகுப்புக்கே போட்டுக்காட்டினாள்.

"செகாரு, உங்க வாத்தியார்கிட்டச் சொல்லு. ஞாயித்துக்கிழமை நிலா ரொம்ப லேட்டாத்தான் ஏறும். நம்ம தெருவுல கம்பத்து விளக்கும் எரியல. அம்மாவ உக்காரவெச்சுக் கூட்டிட்டு வர்ற வண்டியில விளக்கு எரியுதான்னு பார்த்துக்கச் சொல்லு. எங்க குடும்பத்துல ஒருத்தர் உள்ள போனது போதும்."

ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அம்மாவுக்குப் போன் செய்து அப்படியே ஒப்பித்தேன். நான் முடிப்பதற்குள் அரிசி பானையில் விழும் சத்தம் கேட்டது.

தங்கள் குரலுக்குப் பின்னால் புறா கூவியதையும் கேட்டேன். இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டேன். நன்றாகவே கூவுகிறது.